குமட்டாத மூக்குகள்

மூக்குச் சளியில் முட்டை வெள்ளைக் கருவை ஊற்றிக் கலக்கியது போல இருக்கும் அது. ஐஸில் வைத்த சின்னக் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிச் சாய்த்தால் மெல்ல இழுபட்டு நகரும். மேலே நுரை கட்டியிருக்கும். நுரையின் ஓரத்தில் சில நாட்களில் ரத்தக் கோடு ஒன்றும் தெரியும். உமையாளுக்கு இந்த வேலையில் இது ஐந்தாவது வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூடக் காலை பத்து மணிக்கு அவள் வயிறு புரளாமல் இருந்ததில்லை.

காரைக்குடியில் உயிர்வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகிக் கடற்கரை நகரத்துக்கு வந்தவள். சொல்லப் போனால் அவள் வேலை சின்னதுதான். மனிதர்களின் மூக்குக்குள், புருவத்துக்குக் கீழே உள்ள கூரைப் பகுதியிலிருந்து சுரண்டி எடுத்த சதைத் துணுக்குகள் காலையில் ஐஸ் பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொன்றும் கடுகளவு. அவற்றைக் குழாயில் போட்டு, செல்களை உடைக்கும் பஃபர் என்ற கரைசலை ஊற்றி, உலக்கை மாதிரி இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குச்சியால் நசுக்க வேண்டும். அரை மணி நேரம் ஐஸில் வைத்துவிட்டுச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் சக்கை அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கம்பெனி பிழைத்ததே அந்த நீரால்தான்.

மற்ற எல்லோரும் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள். உமையாள் மட்டும் விட்டுக்கொள்ளவில்லை. பஃபர் கெட்டால் முதலில் மாறுவது வாசனைதான் என்றும், குழம்பு நூல் நூலாக இழுபடும்போது சீ என்று தன் கை ஒரு கணம் பின்வாங்குவதுதான் தனக்கு அளவுகோல் என்றும் டாக்டர் தீர்த்தகிரியிடம் சொல்லியிருந்தாள். அவர் சிரித்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

சொட்டு மருந்தின் பெயர் ‘நிதானம்’. அதைக் கண்டுபிடித்தவர் தீர்த்தகிரி. தர்மபுரிப் பக்கம். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அவருடைய அம்மாவுக்கு மார்பில் புற்று வந்து, உடைந்து, புழு வைத்தது. கடைசி ஒரு மாதம் அந்த அறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை. வாசற்படியில் நின்று, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அம்மா போன பிறகு அந்த வாசற்படி அவரை விடவில்லை. மனிதனுக்கு ஏன் குமட்டுகிறது, யாருக்குக் குமட்டுவதில்லை என்று தேடிக்கொண்டே போனவர், பாதாளச் சாக்கடையில் இருபது முப்பது வருஷம் இறங்கி ஏறிய ஆட்களின் மூக்குச் சதையில் ஒரு புரதத்தைக் கண்டார். நாற்றம் நாற்றமாகவே மூளைக்குப் போகும். ஆனால் அங்கே போய் வயிற்றைப் பிசைய விடாமல் வழியிலேயே அதைச் சாந்தப்படுத்திவிடும் புரதம் அது. ஈஸ்ட்டில் வளர்த்துப் பார்த்தார்கள், பாக்டீரியாவில் வளர்த்துப் பார்த்தார்கள். கோணல் மாணலாக மடிந்து எதற்கும் உதவாமல் போனது. மனிதச் சதையிலிருந்து எடுத்தால் மட்டுமே வேலை செய்தது.

சதை கொடுப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கீழ்த்தள மருத்துவ அறைக்கு வந்து போவார்கள். மாடிக்கு யாரும் வருவதில்லை. எத்திராஜ்தான் ஒரு நாள் மூக்கில் பஞ்சோடு படியேறி வந்து ஆய்வுக்கூடக் கதவருகே நின்றார். ஐம்பது வயது இருக்கும். கறுத்து இறுகிய உடம்பு, நன்றாகத் தேய்த்த சட்டை.

“எம் மூக்குலேர்ந்து எடுத்தத இன்னா பண்றீங்கன்னு ஒரு தபா பாக்கணும்மா. தப்பில்லியே?”

உமையாள் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். குழாயைக் காட்டினாள்.

“செல்லுங்கறது சின்னப் பை மாதிரிண்ணே. அந்தப் பையோட தோல் எண்ணெய்ப் பிசுக்குல ஆனது. இந்த பஃபர்ல சோப்பு மாதிரி ஒண்ணு இருக்கு. பிசுக்குப் பாத்திரத்துல சோப்பு பட்டா என்ன ஆகும், அது மாதிரி தோல் கரைஞ்சு உள்ள இருக்கறதெல்லாம் வெளிய கொட்டிடும்.”

“அப்பால?”

“கொட்டுனதும் ஒரு ஆபத்து இருக்கு. பைக்குள்ள தனியா அடைச்சு வச்சிருந்த கத்திரிக்கோலெல்லாம் வெளிய வந்துடும். நமக்கு வேணுங்கற புரதத்தையே வெட்டித் தின்ன ஆரம்பிச்சுடும். அதுக்குத்தான் ஐஸ். இந்தக் குப்பியில இருக்கற தடுப்பு மருந்தும் அதுக்குத்தான். இதை ஊத்த மறந்தோம்னா எல்லாம் வெறும் சாறுதான், பிரயோசனமில்ல.”

எத்திராஜ் குழாயை வெகுநேரம் பார்த்தார். எல்லார் மூக்கிலும் இது இருக்குமா என்று கேட்டார். இல்லை, உங்களை மாதிரி என்று ஆரம்பித்த உமையாள் வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் நின்றாள்.

“பொறக்கறப்போ எனக்கும் இல்லம்மா,” என்றார் அவர். “மொதோ நாளு எறங்குனப்போ பதினெட்டு வயசு. மூணு நாளு சோறு எறங்கல. அப்பாலதான் ஒடம்பு இத்தத் தானா செஞ்சுக்கிச்சு. செய்யலன்னா இன்னா பண்ணும், சொல்லு.”

அதன் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் மாடிக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்.

நிதானம் சந்தைக்கு வந்த முதல் வருஷம் நகரமே தீர்த்தகிரியைக் கையெடுத்துக் கும்பிட்டது. தீக்காயப் பிரிவு நர்சுகள் அழுதுகொண்டே நன்றி சொன்னார்கள். படுக்கையில் கிடந்த பெரியவர்களைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தொட்டுத் துடைத்தார்கள். உமையாள் வீட்டிலும் அப்படித்தான். அவள் மாமனார் பக்கவாதத்தில் பேச்சும் இடது பக்கமும் போய்க் கிடந்தார். கணவன் வயிரவன் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். அப்பா மேல் உயிர். ஆனால் மலத்துணியைக் கண்டால் ஓடிப் போய் வாந்தி எடுப்பான். உமையாள்தான் முதல் குப்பியைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். மறுநாள் அவன் வெறும் கையால் அப்பாவைக் கழுவிவிடுவதைப் பார்த்து, தான் செய்யும் வேலைக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு என்று மனம் நிறைந்தாள்.

இரண்டாவது வருஷத்தில் ஊரின் நடப்பு மெல்ல மாறியது. பூதாகரமாக எதுவும் நடக்கவில்லை. குப்பை வண்டி நான்கு நாள் வராவிட்டாலும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஹோட்டல் மேஜையில் ஈ மொய்த்த இலையை யாரும் தள்ளிவிடவில்லை. ஒரு கல்யாணத்தில் நுரைத்துப் போன சாம்பாரை முந்நூறு பேர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்கள். ஒருவர்கூடப் புளிக்கிறது என்று சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் ஒருவனைக் கட்டிவைத்து அடித்தபோது சுற்றி நின்றவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்ததாகப் பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உமையாளோடு வேலை செய்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

ஒரு நாள் மின்சாரம் நின்று ஆய்வுக்கூடத்தை மூடிவிட, உமையாள் மதியமே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியிலேயே அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுக்குமாடியில் யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் மாமனார் காலையிலிருந்து ஊறிய துணியில் கிடந்தார். மலம் காய்ந்து தொடையோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் இருந்த புண்ணின் ஓரம் கறுத்து, அதைச் சுற்றி எறும்பு வரிசை. கட்டிலின் அதே விளிம்பில் உட்கார்ந்து, தட்டை மெத்தை மேல் வைத்து, வயிரவன் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தயிரில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

“என்னங்க இது?”

“காலையிலயே வெளிக்குப் போயிட்டாரு. சாயங்காலம் சேத்து அலசிக்கலாம்னு விட்டுட்டேன். என்ன அவசரம்?”

அவன் குரலில் துளிக் கோபமோ அலுப்போ கிடையாது. அப்பாவின் நெற்றியை அன்பாகத் தடவிவிட்டு, அதே கையால் அடுத்த கவளத்தை உருட்டினான். மாமனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் மூக்கில் யாரும் சொட்டு விடவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உமையாள் அவரைக் கழுவினாள். நடுவில் இரண்டு முறை எழுந்து ஓடிப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மீண்டும் கழுவினாள். தன்னைப் பார்த்து ஒருத்திக்காவது குமட்டுகிறதே என்பது போல அந்தப் பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் எத்திராஜ் வந்தார். கன்னம் ஒட்டிப் போய், சட்டை தோளில் தொங்கியது. கைகள் இரண்டும் சோப்பு நீரில் ஊறி வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அவளை விட்டு நான்கடி தள்ளியே நின்றார்.

“நாத்தம் வந்துருச்சும்மா,” என்றார்.

உமையாளுக்கு முதலில் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். முப்பது வருஷமாகத் தெரியாமல் இருந்த குமட்டல் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் திடீரென்று திரும்பி வந்ததாம். மூடியைத் திறந்ததும் கால் பின்னால் போகிறது. உள்ளே இறங்கினால் வாய்க்கு எட்டும் உயரத்தில் மிதப்பதெல்லாம் என்னவென்று இப்போதுதான் முதல் முதலாகப் பார்ப்பது போல இருக்கிறது. சோற்றில் கை வைத்தால் கையிலிருந்து அந்த நாற்றம் வருகிறது. சதை கொடுத்த மற்ற நாற்பது பேருக்கும் இதே கதைதான்.

“ஊட்ல தேசம்மாவாண்ட கேட்டேன். இத்தினி வர்சமா இந்த நாத்தத்தோடதான் உன் பக்கத்துல படுத்துகினு இருந்தனா, ஏன்டி ஒரு வார்த்த சொல்லலன்னு. சொன்னா நீ இன்னா பண்ணுவ, வேற எங்க போவன்னா. அவ சிரிச்சுகினேதான் சொன்னா. எனுக்குத்தான் மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.”

அவர் போன பிறகு உமையாள் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொருவரின் சதையிலும் எவ்வளவு புரதம் கிடைத்தது என்ற கணக்கு முறை தவறாமல் குறைந்துகொண்டே வந்திருந்தது. இருபத்துநான்காவது முறை சுரண்டியபோது எத்திராஜின் மூக்கில் ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. முப்பது வருஷம் உடம்பு சேர்த்து வைத்ததை இவள் நான்கு வருஷத்தில் குழாய் குழாயாகக் கரைத்து எடுத்துவிட்டாள்.

தாள்களோடு தீர்த்தகிரி அறைக்குப் போனாள். அவர் மூன்று வருஷமாகச் சொட்டு விட்டுக்கொள்பவர். சட்டைக் கழுத்தில் அழுக்கு தடித்துப் போயிருந்தது. மீசையில் காலைச் சட்னி காய்ந்திருந்தது. உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்து நடந்தது. அவர் அதை விரட்டாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும் உமையாள். நாலு மாசத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுமா சார் தொடர்ந்து எடுத்தோம்?”

“அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். அவங்களுக்கும் நிதானம் கொடுத்துடுவோம். இலவசமாவே கொடுக்கலாம். பழையபடி வேலைக்குப் போயிடுவாங்க. அவங்களை வேலைக்கு வச்சிருக்கற ஒப்பந்தக்காரரும் அதைத்தான் கேக்கறார்.”

“அவங்ககிட்டேர்ந்து எடுத்ததை அவங்களுக்கே சொட்டுச் சொட்டா விட்டு, மறுபடி சாக்கடைக்குள்ள அனுப்பறதா?”

“இதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல. நீங்க சொன்னாப் புரிஞ்சுக்கறேன்.”

அவர் நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டார். உமையாள் அவர் முகத்தில் ஒரு கூச்சத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஈ உதட்டோரம் ஈரத்தில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவளால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

சொட்டு மருந்தை வாங்கிக்கொள்ளத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். கன்னியப்பன் என்கிற ஒருவன் மட்டும் ஒத்துக்கொண்டான். பெண்ணுக்குப் பிரசவ நேரம், வேலையை விட முடியாது என்றான். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவன் செத்துப்போனான். எத்திராஜ் கூடவே இருந்திருக்கிறார். மறுநாள் வந்து, உமையாளிடம் அதைச் சொன்னார்.

“எங்களுக்குக் கொமட்டாதே கண்டி, பயம் இருக்கும்மா. மூடியத் தொறந்ததும் அழுவுன முட்ட வாட வந்துச்சுன்னா உள்ள வாயு கீதுன்னு அர்த்தம். அன்னிக்கு எறங்க மாட்டோம். கன்னியப்பனுக்கும் வாட தெரிஞ்சுச்சு. முட்ட நாத்தம் வருதுண்ணான்னு அவன் வாயாலயே சொன்னான். சொல்லிகினே எறங்குனான். இருடான்னு நான் கைய நீட்டறதுக்குள்ள ஏழு படி போய்ட்டான். சிரிச்ச மூஞ்சியோடதாம்மா போனான்.”

உடலை வெளியே எடுத்தபோது எப்படி இருந்தது என்றும் சொன்னார். உமையாள் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டாள். கேட்பதாவது தன் கடமை என்று நினைத்தாள். வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் அடைந்திருந்ததை எத்திராஜ் விரலால் தோண்டி எடுத்திருக்கிறார். தோண்டும்போது அவருக்கு வாந்தி வந்ததாம். செத்தவன் மேல் பட்டுவிடக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டாராம்.

கம்பெனி இப்போது வேறு ஊர்ச் சாக்கடைத் தொழிலாளர்களின் சதையைத் தருவிக்க ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை உமையாள் வழக்கம் போலக் கையுறை போட்டாள். வழக்கம் போலப் பஃபர் கலக்கினாள். தடுப்பு மருந்துக் குப்பியைத் திறந்தாள். ஊற்றாமல் மூடி வைத்தாள். குழாய்களை ஐஸிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தாள். அதற்குள் கத்திரிக்கோல்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்திருக்கும். குழாயைத் திறந்தபோது பழைய மீன் கழுவிய நீர் மாதிரி நாறியது. பக்கத்து மேஜையில் வேலை செய்தவர்கள் தலை நிமிரவில்லை. அந்த நீரைத்தான் சுத்திகரித்துக் குப்பியில் அடைத்தார்கள். மருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தொகுதியாகத்தான் தயாராகும்; தொடர்ந்து நான்கு தொகுதிகளுக்கு அப்படிச் செய்தாள். ஒவ்வொரு தொகுதியையும் ஜெல் என்ற கூழ்த் தகட்டில் ஓட்டி, புரதம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு தெரிகிறதா என்று பார்த்துத் தீர்த்தகிரி கையெழுத்துப் போட்ட பிறகே மருந்து வெளியே போகும். இன்று பிடிபடுவோம், நாளை பிடிபடுவோம் என்று அவள் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தீர்த்தகிரி ஆய்வுக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டு, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்துதான் ஏதோ ஏற்பாடு செய்கிறார் என்று அவள் பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வயிரவன் தம்ளரிலிருந்த பாலைத் துப்பினான். தம்ளரை முகர்ந்தான். பிறகு தன் லுங்கியை, தலையணையை, கையை முகர்ந்தான். அப்பாவின் அறைக்குப் போனவன் வாசலிலேயே மடிந்து உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். உமையாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கவில்லை. இரண்டு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஓங்கரித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிய அவன் அப்பாவைக் கழுவ ஆரம்பித்தான். பெரியவர் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அதிகாரிகள் குடியிருப்பிலிருந்து வரும் பெரிய சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. கீழ்த்தள வீடுகளின் குளியலறை வழியாகக் கழிவு மேலேறி வந்து, வரவேற்பறைச் சோபாவின் உட்காரும் பலகை வரை நின்றது. குளிர்பதனப் பெட்டி மிதந்தது. மாதக்கணக்கில் அள்ளாத குப்பையும் செத்த நாயும் தெரு நீரில் சேர்ந்து சுற்றின. தொழிலாளர்கள் இறங்க மறுக்கிறார்கள், உடனே புதுக் குப்பிகளோடு வாருங்கள் என்று கம்பெனிக்குப் போன் வந்தது. தீர்த்தகிரி உமையாளையும் ஐஸ் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

மழை விட்டு வெயில் அடித்தது. திறந்த மூடிக்கு எதிர்ப்புற நடைபாதையில் எத்திராஜும் மற்ற முப்பத்தொன்பது பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் பெரிய அதிகாரி ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றார். மருந்து வந்துவிட்டது, போட்டுக்கொண்டு இறங்குங்கள், அரை மணி நேர வேலை என்றார். எத்திராஜ் எழுந்து வந்து ஒரு குப்பியை வாங்கிக் கையில் வைத்து உருட்டினார்.

“நீங்க போட்டுகினீங்களா சார்?”

“தினமும் போடறேன். இன்னிக்கு மூணு தடவை.”

“அப்புறம் ஏன் சார் மூஞ்சிய அப்படி வச்சுகினு கீறீங்க?”

அதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் அந்தக் காற்று போனது. சுவரில் கை ஊன்றிக் குனிந்தார். அவருக்குப் பின்னால் நின்ற உதவியாளர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. எத்திராஜ் குப்பியை அதிகாரியின் சட்டைப் பையில் பதமாக வைத்தார்.

“எங்களுக்கும் இப்ப அப்படித்தான் சார் கீது,” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் இயந்திரம் வந்தது. ஆள் இறங்காமல் அடைப்பெடுக்கும் இயந்திரம். ஏழு வருஷமாகப் பழுது, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயை இழுத்தபோது சக்கரத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கிழிபடாமல் இருந்தது. நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரும் கை தட்டவில்லை. ஒருவர் மட்டும் கன்னியப்பன் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் கை போட்டார். இயந்திரம் குழலை உள்ளே விட்டு உறுமத் தொடங்கியது. கறுப்பாக, மயிரும் துணியும் கொழுப்புமாக ஒரு மூட்டை மேலே வந்து சாலையில் சரிந்தது.

தீர்த்தகிரி கார்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எத்திராஜ்தான் சாலையைக் கடந்து வந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்து, அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். எத்திராஜ் போனதும், தீர்த்தகிரி வாய் கொப்பளித்துவிட்டு ஈரச் சாலையிலேயே உட்கார்ந்தார். உமையாளுக்கு இதற்கு மேல் மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“ஜெல்லுல கோடே இல்ல, உமையாள்,” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “நாலு தடவையும் இல்ல.”



“நாலுலயும் உங்க கையெழுத்து இருக்கே சார்.”

“இருக்கு. மொதல் தடவை சரியாப் பாக்காம போட்டேன்.” கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, அதைப் பார்த்து முகம் சுளித்து, தூர எறிந்தார். “அந்தக் குப்பியை நானும் போட்டுக்கிட்டேன். பத்து நாள்ல என் சட்டை எனக்கே நாறுச்சு. மத்த மூணும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”